ஒரு டன் பெட்டியும் ஒரு விரல் நீளப் பட்டையும்

கம்ப்யூட்டர் கேம் என்ற பேச்சை எடுத்தாலே நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கும். ஆனால் அந்த விளையாட்டுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கும்போது, "ஹார்டு டிஸ்க் போடலாமா, எஸ்.எஸ்.டி. போடலாமா? எத்தனை ஜிபி?" என்று கடைக்காரர் கேட்கிறாரே, அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருடச் சரித்திரம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எதை எங்கே வைத்தால் வேண்டும்போது கைக்குக் கிடைக்கும் என்பதுதான் என் உத்தியோகமே. அதனால் இந்தச் சரித்திரம் எனக்குப் பிடித்துப் போயிற்று.

1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 'ராமாக்' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில்தான் உலகின் முதல் ஹார்டு டிஸ்க் இருந்தது. இரண்டு அடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தப் பெட்டி மட்டும் ஏறக்குறைய ஒரு டன் எடை. அதில் அடங்கியதோ ஐம்பது லட்சம் எழுத்துகள்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கு அது சரியாகப் போய்விடும்.

ஆனாலும் அது பெரிய மாற்றம். அதற்கு முன் தகவல்கள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும் இருந்தன. நாடாவில் கடைசியில் இருப்பதைப் படிக்க முழு நாடாவும் ஓட வேண்டும். தட்டில் அப்படியில்லை. பேரேட்டில் வேண்டிய பக்கத்தை நேராகப் புரட்டுவது போல, ஊசி நேராக அந்த இடத்துக்குப் போகும். நம் பக்கத்தில் 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வகைப் பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் குளிரூட்டிய தனி அறை. வீட்டுக்குள் அது வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

வீட்டுக்குள் வந்தபோது அது பாட்டுக் கேட்கும் கேசட்டைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. 1982-ல் இங்கிலாந்தில் வந்த 'ஸ்பெக்ட்ரம்' போன்ற சின்னக் கம்ப்யூட்டர்களில், விளையாட்டைக் கேசட்டிலிருந்து ஏற்ற ஐந்து நிமிடம்கூட ஆகும். நடுவில் கரகரத்தால் மறுபடி முதலிலிருந்து. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம் பிளாப்பி காலம். 1.44 எம்பி கொண்ட மூன்றரை அங்குல பிளாப்பி நம்மில் பலர் அலுவலகத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததுதான். 'டேவ்', 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' எல்லாம் ஓரிரு பிளாப்பியில் கைமாறிய விளையாட்டுகள்.

இதற்கிடையே, 1980-ல் சீகேட் கம்பெனி 5 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு டன் பெட்டியில் இருந்ததே ஒரு தடித்த அகராதி அளவுக்குள் வந்துவிட்டது. அதற்கு 24 வருடம் பிடித்தது.

தொண்ணூறுகளில் சி.டி. வந்தது. 650 எம்பி. கணக்குப் போட்டால் 450 பிளாப்பிக்குச் சமம். ஆனால் முதல் சி.டி. டிரைவ்கள் நொடிக்கு 150 கேபிதான் படித்தன. அதனால் விளையாட்டின் முக்கியப் பகுதியை ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டு, மீதியைச் சி.டி.யிலேயே விட்டுவைத்தார்கள். இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இடம் அதிகம் உள்ளது மெதுவாக இருக்கும். வேகமானது சின்னதாகவோ விலை கூடுதலாகவோ இருக்கும். எந்தக் காலத்திலும் ஒரே சாமானில் இரண்டும் கிடைக்கவில்லை. அதனால் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெருத்தாலும் அது சுற்றும் தட்டுதான். சாதாரணமாக நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. கம்ப்யூட்டருக்கு அது யுகம். பெரிய விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் படங்களைத் தேடி எடுக்க ஊசி அங்குமிங்கும் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைக் குறைக்க, விளையாட்டு செய்பவர்கள் ஒரே படத்தை டிஸ்கில் பல இடங்களில் நகல் வைத்தார்கள். அலுவலகத்தில் ஒரே படிவத்தை ஒவ்வொரு மேசையிலும் ஒரு கட்டு வைப்போமே, அதே கதை. 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டு 2025 வரை இப்படி 150 ஜிபிக்கு மேல் வீங்கிக் கிடந்தது. நகல்களை நீக்கியதும் 23 ஜிபி அளவுக்கு வந்துவிட்டது.

ஊசியும் தட்டும் இல்லாத சேமிப்புக்கு வழி காட்டியவர் ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் இருந்த ஃபூஜியோ மசுவோகா. எண்பதுகளில் அவர் கொண்டுவந்த 'ஃபிளாஷ்' நினைவகம்தான் நம் பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் மூலம். அசையும் பாகமே இல்லை, மின்னூட்டம்தான் எழுத்து. 2020-ல் சோனியின் பிளேஸ்டேஷன் 5 முழுக்க எஸ்.எஸ்.டி.யோடு வந்தது. இப்போது 'பல்தூர்ஸ் கேட் 3' போன்ற விளையாட்டுகள் 150 ஜிபி இடமும், அதுவும் எஸ்.எஸ்.டி.யில்தான் வேண்டும் என்றும் நிபந்தனையே போடுகின்றன.

பொம்மிடியில் எங்கள் வீட்டில் பேரனுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று முடிவானபோது, ரயிலேறிச் சேலம் போய் விலை கேட்டு வந்தோம். அவனுக்குப் பணம் முழுவதையும் வேகமான எஸ்.எஸ்.டி.யில் போட ஆசை. எனக்கோ வேறு கவலை. என் அம்மா பாடிய தாலாட்டுகளை முன்பு கேசட்டில் பிடித்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தோம். அது இருந்த பழைய ஹார்டு டிஸ்க் கொஞ்ச நாளாக 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வந்தால் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று அர்த்தம்.

"விளையாட்டு அழிஞ்சா திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம் தாத்தா" என்றான் பேரன்.

"அதேதான் கண்ணு. பாட்டி குரலை எங்கிருந்து டவுன்லோடு பண்றது?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான்.

அலுவலகத்தில் நாங்கள் செய்ததையே செய்தோம். இன்று வேண்டிய கோப்பு மேசை மேல், இந்த வருடக் கோப்பு பீரோவில், பழையது ரெக்கார்டு ரூமில். மேசைக்கு 1 டிபி எஸ்.எஸ்.டி.: விண்டோஸும் விளையாட்டுகளும். பீரோவுக்குப் புதிதாக 2 டிபி ஹார்டு டிஸ்க்: போட்டோக்கள், பாட்டுகள். ரெக்கார்டு ரூமுக்கு வெளியே கழற்றி வைக்கும் ஒரு டிஸ்க்: அதே போட்டோக்களின், பாட்டுகளின் இன்னொரு நகல். அது துணி பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை மட்டும் எடுப்போம். அம்மாவின் குரல் இப்போது இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

ரெக்கார்டு ரூமுக்கு எஸ்.எஸ்.டி. ஏன் வேண்டாம் என்றால், மின்சாரமே காட்டாமல் நெடுநாள் வைத்தால் அதில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். நன்றாகத் தேய்ந்துவிட்ட எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் இந்தத் துறையின் அளவுகோல். நம்மூர் வெயிலில் பூட்டிய பீரோவின் சூட்டைச் சொல்ல வேண்டுமா?

பேரப்பிள்ளைகளுக்கு வாங்கப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி படிக்கும். 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி. 550 வரை. விரல் நீளப் பட்டையாக வரும் 'என்விஎம்இ' 3500 முதல் 7000 வரை. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்; அதற்கு மேலே போனால் பெரும்பாலான விளையாட்டுகளில் சில நொடிகள்தான் மிச்சம். பட்டை வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். எஸ்.எஸ்.டி. போட்டால் படம் அழகாகிவிடாது. அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 1 டிபி வாங்கிவந்தால் திரையில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஊருக்கு ஊர் படி வேறுபட்ட காலத்தைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று யாராவது விற்றால் அது மோசடிதான்.

விலை ஏன் இறங்கி ஏறுகிறது என்பதற்கும் சரித்திரம் பதில் சொல்கிறது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை மூழ்கியது. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை இரு மடங்குக்குப் பக்கத்தில் போனது. சென்னை ரிச்சி தெருவிலும் அதே கதைதான். இப்போது வெள்ளம் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த 'குரூசியல்' வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆகவே விலை ஏறியிருக்கிறதே என்று நினைப்பவர்கள் விளையாட்டுக்கான எஸ்.எஸ்.டி.யைச் சின்னதாகவே வாங்கலாம்; பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ள முடியும். குடும்பப் போட்டோக்களின் இரண்டாவது நகலுக்கான டிஸ்கை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.