கடலை நீந்தியவர்களும் கரையில் நிற்பவர்களும்



பாலமுனைக் கடற்கரையில் மாலை வேளையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு வங்கக் கடல் எல்லையற்ற பெருவெளியாகவே தோன்றும். கரைவலை இழுப்போர் கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி அடியெடுத்து வைப்பர். சிறுவர் ஈர மணலிற் பந்தாடுவர். அலை வந்து காலை நனைத்தால் சிரித்துக்கொண்டு பின்வாங்குவர். இடுப்பளவு நீரைத் தாண்டிச் செல்பவர் அவர்களுள் அரியர். சில காலத்துக்கு முன் எங்கள் பாடசாலைக் காலைக் கூட்டத்தில், "உங்களுள் நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்டேன். உயர்ந்த கைகளை எண்ணுவதற்கு என் இரு கை விரல்களே போதுமாயிருந்தன. கடலின் இரைச்சல் வகுப்பறைக்குள் கேட்கும் பாடசாலை அது!

கூட்டம் முடிந்தபின் ஒரு மாணவன் என் அறைக்கு வந்து பழைய பத்திரிகைத் துண்டொன்றை நீட்டினான். 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கொழும்பில் நடைபெற்ற ட்ரையத்லன் போட்டியைப் பற்றிய செய்தி அது. கடலில் 1.9 கிலோமீற்றர் நீந்தி, துவிச்சக்கர வண்டியில் 90 கிலோமீற்றர் சென்று, பின்னர் 21.1 கிலோமீற்றர் ஓட வேண்டும். இடையில் ஓய்வு கிடையாது. "சேர், இது சாதாரண மனிதனால் ஆகக்கூடியதா?" என்று அவன் கேட்டான். ஒரு சொல்லில் விடை கூறி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குச் சொல்லியவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ட்ரையத்லன் என்பதை நாம் முப்போட்டி என வழங்கலாம். நீச்சல், துவிச்சக்கர வண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் அமையும். நீரிலிருந்து எழுந்தவர் உடை திருத்தும் நேரமும், வண்டியை விட்டிறங்கிப் பாதணி மாற்றும் நேரமுங்கூடக் கணக்கிற் சேரும். ஆகவே அவ்விடைவேளையை நான்காவது போட்டி என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உளர்.

இவ்விளையாட்டின் வரலாறு மிகப் பழமையானதன்று. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் குடாவின் கரையில், 1974 ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 ஆந் திகதி மாலையில் ஓர் ஓட்டக் கழகத்தார் இதனை நடத்தினர். ஜாக் ஜோன்ஸ்டன், டொன் ஷானஹன் என்னும் இருவரே ஏற்பாட்டாளர்கள். பங்கு கொண்டோர் 46 பேர். விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்ளாது, அன்றாட வேலைகளுக்கிடையே உடலைப் பேணி வந்தவர்களே அங்கே கூடினர். ஓட்டம் முதலிலும் நீச்சல் பிந்தியும் வைக்கப்பட்டமையால், களைத்த உடலோடு நீரில் இறங்க நேர்ந்தது. இறுதியில் வந்தோர் கரைசேர்வதற்குள் இருள் சூழ்ந்துவிடவே, மோட்டார் வண்டிகளின் முன்விளக்குகளை ஏற்றிக் கரையைக் காட்டினராம். நீச்சலை முதலில் வைப்பதே தக்கது என்பது பின்னர் வழக்கமாயிற்று. அதன் காரணம் எளிது. ஓட்டத்திற் களைத்தவன் தெருவோரத்தில் அமரலாம். கடலில் தெருவோரம் இல்லை.

அன்று சான் டியாகோவிற் போட்டியிட்டவர்களுள் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜோன் கொலின்ஸ் என்பவரும் அவர் மனைவி ஜூடியும் இருந்தனர். பின்னர் அவர்கள் ஹவாய்த் தீவுக்குச் சென்றனர். நீந்துவோர் வலியரா, ஓடுவோர் வலியரா என்று அங்கே ஒரு வாக்குவாதம் எழுந்தது. வண்டியோட்டுவோரையும் மறக்கலாகாது என்றார் கொலின்ஸ். ஓவாகு தீவில் மூன்று பெரும் போட்டிகள் ஏற்கனவே தனித்தனியே நடந்துவந்தன. அம்மூன்றையும் ஒரே நாளில் முடிப்பவனை இரும்பு மனிதன் என்று அழைப்போம் என்பது அவரது யோசனை. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் வண்டிப் பயணம், அதன்மேல் 42 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட மரதன் ஓட்டம்! 1978 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆந் திகதி 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர். வாடகை மோட்டார் ஓட்டிவந்த கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 செக்கனில் முதலாவதாக வந்தார்.

இதனை உலகமெங்கும் அறியச் செய்தவர் வெற்றி பெற்றவரல்லர். தோற்ற ஒரு பெண். 1982 ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஜூலி மொஸ் என்னும் கல்லூரி மாணவி தம் பட்ட ஆய்வின் பொருட்டு அப்போட்டியிற் கலந்துகொண்டார். பெண்களுள் முதல்வராக ஓடிவந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் வீழ்ந்தார். எழுந்தார், மீண்டும் வீழ்ந்தார். மற்றொருவர் அவரைக் கடந்து சென்றுவிட்டார். அவரோ கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்ட எத்தனையோ பேர் அடுத்த ஆண்டுகளிற் பயிற்சியைத் தொடங்கினர். 1989 இல் இவ்விளையாட்டுக்கு உலகச் சங்கம் அமைந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் வண்டி, 10 கிலோமீற்றர் ஓட்டம் என்னும் அளவில் இஃது இடம்பெற்றது.

இதற்கான பயிற்சி எத்தகையது? ஒரு நாளில் ஒரே துறையைப் பழகுவது மட்டும் போதாது. நெடுநேரம் வண்டி மிதித்தவர் இறங்கி ஓடத் தொடங்கியதும் கால்கள் மரக்கட்டைபோற் கனக்கும். ஆதலால் மிதித்தவுடனே ஓடிப் பழகுவது இன்றியமையாதது. உடல் சேமித்து வைத்திருக்கும் காபோவைதரேற்று ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கடும் உழைப்பிலே தீர்ந்துபோகும். எனவே வழியில் உண்ணவும் பழக வேண்டும். வியர்வையோடு நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுவதால், வெறும் நீரை அளவுகடந்து பருகுவதும் ஆபத்தாகலாம். அலுவலுக்குச் செல்பவர் இவையனைத்தையும் விடியற்காலையிலும் மாலையிலுமே செய்தாக வேண்டும். வேகம் பிறவியிலே சிலர்க்கு வாய்க்கலாம்; நெடுந்தூரம் தாங்கும் வலிமையோ நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்ப்பது.

நேயர்களே, மேனாட்டார் இதனைத் தொடங்குவதற்கு முன்னரே, நமது கடலிற் பிறந்து வளர்ந்த தமிழ்மக்கள் தனியொரு மனித உடலின் எல்லையைச் சோதித்திருக்கின்றனர். வடக்கே வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு என்னும் ஊர்கள் கடலோடிகளின் ஊர்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சென்றடைந்தது வரலாறு. அந்தக் கரையிலிருந்தே, 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி நீரில் இறங்கினார். ஏறக்குறைய 27 மணி நேரம் நீந்தித் தமிழகத்தின் கோடிக்கரையை அடைந்தார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1966 ஏப்ரலில், கல்கத்தாவைச் சேர்ந்த சட்டவறிஞர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியின் கரை அது.

கடந்தால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும் என்று எண்ணியவர் ஒருவர் உண்டு. அவர் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன். மக்கள் அவரை ஆழிக்குமரன் என்று அழைத்தனர். தொழிலால் அவர் ஒரு வழக்கறிஞர். 1971 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கும், அங்கிருந்து மீண்டும் இலங்கைக் கரைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்த பின்னரும் நீரை விட்டெழாத ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள்!

அத்தோடு அவர் நிற்கவில்லை. 1979 ஆம் ஆண்டு மே 2 ஆந் திகதி முதல் 10 ஆந் திகதி வரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றித் துவிச்சக்கர வண்டியில் 187 மணி 28 நிமிடம் இடைவிடாது சென்றார். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். கின்னஸ் நூல் அவரது சாதனைகளைப் பதிவு செய்தது. ஹவாயில் முதலாவது இரும்பு மனிதன் போட்டி நடந்து பதினைந்து மாதங்கள் கழியுமுன்பே கொழும்பில் இச்செயல் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. ஹவாயில் மூன்று துறைகளை ஒரே நாளில் இணைத்துப் பார்த்தனர். ஆனந்தனோ ஒவ்வொரு துறையையும் நாட்கணக்கில் நீட்டிப் பார்த்தார். நீச்சலும் வண்டியும் இருசாராருக்கும் பொது. ஓட்டத்தையும் சேர்த்து ஒரு போட்டியாக அவருக்கு எவரேனும் அமைத்துக் கொடுத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

அவர் முடிவு நம் நெஞ்சை வருத்துவது. 1984 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆந் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 41. நமது பாக்குநீரிணையின் நீர் உடலுக்கு இதமான வெப்பமுடையது. ஆங்கிலக் கால்வாயோ கோடையிலும் 15 முதல் 18 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். அதே குளிருடைய காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்வது நீர். 1875 இல் அக்கால்வாயை முதன்முதல் நீந்திப் புகழடைந்த கப்டன் வெப்பும், 1883 இல் நயகராச் சுழல்களிலே உயிர் துறந்தார். ஒரு நீரை வென்றவன் எல்லா நீரையும் வென்றவனாகான் என்பதற்கு இவ்விருவரும் சான்று. அவர்களது துணிவைப் போற்றும் அதே நாவால் இவ்வுண்மையையும் மாணவர்க்குச் சொல்லாதிருப்பது நேர்மையாகாது.

ஆயினும் வழி மூடப்படவில்லை. 1994 இல், பன்னிரண்டே வயதான தமிழகச் சிறுவன் குற்றாலீசுவரன் பாக்குநீரிணையைக் கடந்தான். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர இருவழியும் நீந்தி, ஆனந்தனின் 51 மணி நேரத்தை 28 மணி 19 நிமிடமாகக் குறைத்தார். மறுவருடம் மார்ச்சில், ஓட்டிசம் உடைய 13 வயது இந்தியச் சிறுமி ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு ஏறத்தாழ 13 மணி நேரத்தில் நீந்திச் சேர்ந்தாள்.

இனி நமது கரைக்குத் திரும்புவோம். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதியை இக்கரையார் எவரும் மறக்க மாட்டார். இலங்கையிலே மிகுதியான உயிர்களை அன்று பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான். அன்று வந்த பேரலைக்கு முன் நீச்சல் வல்லவனும் வல்லாதவனும் ஒன்றே. எனவே, நீந்தத் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பர் என்று நான் சொல்லமாட்டேன். அது மாண்டோர்க்குச் செய்யும் அநீதி. ஆனால் அந்நாள் விட்டுச்சென்ற அச்சம் நம் வீடுகளில் இன்னும் குடியிருக்கின்றது. "கடற்பக்கம் போகாதே" என்று பிள்ளையைத் தடுக்கும் தாயை நான் குறைகூறேன். அவள் இழந்தது அவளுக்கே தெரியும். ஆயினும், தடுத்துவிட்டால் மட்டும் பிள்ளை போகாதிருப்பானா? போகத்தான் போகிறான், நீச்சல் அறியாமலே போகிறான் என்பதே என் கவலை.

நமது பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஓட்டமும் பாய்தலும் உண்டு, நீச்சல் இல்லை. ஆழமற்ற அமைதியான நீரில், பயிற்றப்பட்ட பெரியவர் முன்னிலையில், சிறுவயதிலேயே இதனைப் பழக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் தக்க மறைவும் பெண் பயிற்றுநரும் அமைத்துப் பழக்கலாம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடலில் இறங்கலாகாது என்பதையும், கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டத்திற் சிக்கினால் அதை எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி விலகவேண்டும் என்பதையும் ஒவ்வொரு பிள்ளையும் மனனம் செய்திருக்க வேண்டும்.

அந்த மாணவனின் கேள்விக்கு நான் அளித்த விடை இதுதான்: "மகனே, வாடகை வண்டி ஓட்டியவரும், வழக்கறிஞரும், பள்ளிச் சிறுவனும் செய்த காரியம் அது. சாதாரண மனிதனால் ஆகும். ஆனால் ஒரே நாளில் ஆகாது. துவிச்சக்கர வண்டியில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை சென்றுவரும் கால்கள் உன்னிடம் இருக்கின்றன. மாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் மூச்சும் இருக்கின்றது. மூன்றில் இரண்டு உன்னிடம் உண்டு. மூன்றாவது உன் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றது. அதைக் கற்பிக்கத்தான் நாங்கள் தவறிவிட்டோம்."

அவன் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எப்போது தொடங்குவோம் சேர்?" என்று கேட்டான். நேயர்களே, அந்தக் கேள்விக்கு நான் தனியே விடை கூற இயலாது. பெற்றோரும், ஊர்ப் பெரியோரும், கல்வி அதிகாரிகளும் என்னோடு சேர்ந்து கூறவேண்டிய விடை அது.