படிப்புக்குப் பணம்: இருநூறு ஆண்டு அனுபவம்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டைக் காணும் இவ்வேளையில், உலகின் பல மூலைகளிலிருந்தும் சகோதரிகள் கல்லூரிக்கு உதவ முன்வருகின்றனர். அவ்வுதவிகளுள் ஒரு வகை இப்போது பெருகி வருகிறது. "சாதாரண தரத்தில் ஒன்பது 'ஏ' பெறும் பிள்ளைக்கு இத்தனை ஆயிரம்", "புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இத்தனை" என்ற பணப் பரிசுதான் அது. வீடுகளிலும் இதே பேச்சைக் கேட்கலாம். ஐந்தாம் தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் வயிற்றுவலி, தலைவலி என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளை வைத்தியர் என்ற முறையில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பரிசோதித்தால் நோய் எதுவும் தெரியாது. பேச்சுவாக்கில் தாயார், "சித்தியடைந்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்" என்பார்.

பணத்தைக் காட்டிப் பிள்ளையைப் படிப்பிக்க முடியுமா என்பது புதிய கேள்வியன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் முதற்பக்கங்களுள் ஒன்று எமது மண்ணிலேயே எழுதப்பட்டது.

1824 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த திருமதி ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, மகளைப் படிக்க அனுப்பும் வழக்கம் ஊரில் இருக்கவில்லை. மிஷனரிமார் உணவு, உடை, தங்குமிடம் யாவற்றையும் இலவசமாக வழங்கினர். அதற்கும் மேலாக, அங்கே படித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தனர். இதில் மதமாற்ற நோக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கொடுத்த முறையை நாம் கவனிக்க வேண்டும். எத்தனை புள்ளி எடுத்தாள் என்று பார்த்து அச்சீதனம் வழங்கப்படவில்லை. படித்த மகளுக்குக் கலியாணம் பொருந்துமா என்று அஞ்சிய பெற்றோரின் பயத்தைப் போக்கவே அது உதவியது. பிற்காலத்தில் சீதனம் நிறுத்தப்பட்டது, கட்டணமும் அறவிடப்பட்டது. பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. 1840 இல் யாழ்ப்பாணம் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையார், தம் முதல் மாணவிகளின் மகள்மாருக்கும் பேத்திமாருக்கும் கற்பித்தார். தாய் படித்திருந்த வீட்டில் மகளைப் படிக்க அனுப்பச் சீதனம் தேவைப்படவில்லை.

அடுத்த முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. 1862 இல் ரொபேர்ட் லோ கொண்டுவந்த சட்டக்கோவை, பாடசாலைகளுக்கான அரச நன்கொடையைப் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் பரிசோதகர் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் மூன்றிலும் சோதிப்பார். ஒரு பாடத்தில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் குறையும். பணம் பாடசாலைக்குப் போனாலும் அதைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது பிள்ளைதான். பரிசோதகர் வரும் நாளுக்காக ஆசிரியர்கள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்வித்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி சரளமாக "வாசித்த" பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அக்காலத்தில் உலாவின. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னோல்ட் இம்முறையைத் தம் அறிக்கைகளில் தொடர்ந்து கண்டித்தார். மூன்று பாடங்களுக்கு விலை வைத்ததால் சரித்திரமும் பூமிசாத்திரமும் பல வகுப்பறைகளில் ஒதுங்கின. நூற்றாண்டின் முடிவுக்குள் இங்கிலாந்து இம்முறையைக் கைவிட்டது.

ஆனால் அதற்கு முன்பே அது இலங்கைக்குக் கப்பலேறிவிட்டது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவாகி, அடுத்த ஆண்டு உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தபோது, இங்கும் பெறுபேற்றுக்கு ஏற்பவே பணம் கொடுக்கப்பட்டது. பரீட்சைக்காகவே படிப்பிக்கும் எமது பழக்கத்துக்கு இங்கே ஒரு பழைய வேர் இருக்கிறது.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி வேறு வழியை எடுத்தது. பெறுபேற்றை விலைக்கு வாங்காமல், பிள்ளைக்கும் வகுப்பறைக்கும் இடையே நின்ற கட்டணத்தை அகற்றியது. பின்னர் 1980 இல் இலவசப் பாடநூலும், 1993 இல் இலவசச் சீருடையும் வந்தன. எமது தாய்மாரும் நாமும் படித்தது இந்த வழியில்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலும் ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்கவென்றே தோன்றியது. இன்று அது பத்து வயதுப் பிள்ளைகளின் பந்தயமாகிவிட்டது.

பரிசு பிள்ளையின் மனத்தில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் பிற்பாடு நேரடியாகவே சோதித்தனர். 1973 இல் வெளியான ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில், படம் வரைவதில் விருப்பமுள்ள பாலர்களில் ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். வேறொரு பகுதியினருக்கு வரைந்து முடித்த பின்னரே எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். சில நாட்களின் பின் பரிசு எதுவும் இல்லாமல் விளையாட விட்டபோது, முன்கூட்டியே வாக்குறுதி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் விருப்பம் குறையவில்லை.

பணத்தையே கொடுத்துப் பார்த்தவர் ஹாவார்ட் பொருளியலாளர் ரோலண்ட் பிரையர். 2007 முதல் அமெரிக்காவின் நான்கு நகரங்களில், இருநூறுக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் அவர் இதைச் செய்தார். நியூயோர்க்கில் பரீட்சைப் புள்ளிக்கும், சிக்காக்கோவில் பாடத் தரத்துக்கும் பணம். சிக்காக்கோவில் ஓர் 'ஏ'க்கு 50 டொலர். இரண்டு நகரங்களிலும் பிள்ளைகளின் கல்வியடைவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. டலஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் வாசித்துச் சிறு வினாக்களுக்கு விடையளித்தால் 2 டொலர். அங்கே வாசித்து விளங்கும் திறன் உயர்ந்தது. இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்வீர்கள் என்று நியூயோர்க் பிள்ளைகளைக் கேட்டபோது, வினாவைக் கவனமாக வாசிப்பது போன்ற பரீட்சை உத்திகளையே சொன்னார்கள். பாடநூலைப் படிப்பேன், ஆசிரியரிடம் கேட்பேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பணத்தில் ஆசை இருந்தது. அதை அடையும் வழி தெரியவில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றிய இரண்டு அனுபவங்களையும் சொல்ல வேண்டும். வங்காளதேசத்தில் 1982 இல் சாராஸ்தி என்ற சிறு பிரதேசத்தில் தொடங்கி, 1994 இல் நாடெங்கும் விரிந்த திட்டமொன்று, இடைநிலை வகுப்பு மாணவிகளுக்கு உதவித்தொகை வழங்கியது. நிபந்தனைகள் மூன்று: 75 வீத வரவு, பரீட்சையில் 45 வீதப் புள்ளி, திருமணம் செய்யாதிருத்தல். சில ஆண்டுகளில் இடைநிலைப் பாடசாலைகளில் மாணவிகளின் தொகை மாணவர்களின் தொகையையும் தாண்டியது. ஆனால் கற்றலின் தரம் அதே வேகத்தில் உயரவில்லை என்ற குறையும் சொல்லப்பட்டது. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 2001 இல், ஆறாம் வகுப்புப் பரீட்சையில் முதல் 15 வீதத்துக்குள் வந்த மாணவிகளுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரு பகுதி பாடசாலைக் கட்டணமாகவும், ஒரு பகுதி சீருடை, கொப்பி வாங்கப் பெற்றோரிடமும் சென்றது. அங்கே புள்ளிகள் உயர்ந்தன. பரிசு பெற வாய்ப்பில்லாத பின்தங்கிய மாணவிகளும், பரிசுக்கே உரித்தில்லாத மாணவர்களும்கூட முன்னேறினர். ஆசிரியர்கள் ஒழுங்காக வேலைக்கு வரத் தொடங்கினர்.

இது நியூயோர்க் அனுபவத்துக்கு முரணாகத் தோன்றலாம். என் பார்வையில் வேறுபாடு இதுதான். புசியாவில் பரிசு என்பது அடுத்த ஆண்டும் படிக்கும் வாய்ப்பு. அதற்காகப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து அசைந்தார்கள். நியூயோர்க்கில் பிள்ளை தனியே விடப்பட்டது.

உடுவில் முதல் புசியா வரை பார்த்தால், வறுமையும் அச்சமும் பிள்ளையை மறித்த இடங்களில் பணம் பெரும் பயன் தந்திருக்கிறது. புள்ளிக்கு விலை வைத்த இடங்களில் பெரும்பாலும் மனப்பாடத்தையும் ஏமாற்றத்தையுமே தந்திருக்கிறது. ஒன்பது 'ஏ' எடுக்கக்கூடிய பிள்ளை எமது பரிசு இல்லாமலும் எடுப்பாள். பஸ் காசில்லாமல் வாரத்தில் இரண்டு நாள் நிற்பவளுக்கும், கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாதவளுக்கும், காலை உணவின்றி முதற்பாடத்தில் சோர்ந்திருப்பவளுக்கும் அந்தப் பரிசு எட்டாது. இவர்களுக்குத்தான் எமது நிதி முதலில் போகவேண்டும். அடுத்து, ஆரம்பப் பிரிவின் நூலகத்துக்கும், பின்தங்கியவர்களுக்கு மாலையில் நின்று கற்பிக்கும் ஆசிரியருக்கும் கொடுக்கலாம். சிறந்தவர்களைப் பாராட்டுவதானால், முன்கூட்டியே விலை பேசாமல் பரிசளிப்பு விழாவில் அழைத்து நல்ல புத்தகமொன்றைக் கையில் கொடுப்போம்.

அடுத்த நூற்றாண்டுக்கான நிதித் திட்டத்தை வகுக்கும் எமது சங்கம் இவ்வரலாற்றைக் கருத்தில் கொள்ளும் என நம்புகிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை எழுதும்போது, யார் முதலாவதாக வந்தாள் என்று கேட்பதோடு, இவ்வாண்டு யார் இடைவிலகினாள், ஏன் என்றும் கேளுங்கள்.