சுழல் அலை ரேடார்
சுற்றுப்பாதைக் கோண உந்தம் கொண்ட மின்காந்த அலைகளைச் செலுத்தி, இலக்கில் பட்டுச் சிதறும் அலைகளை ஆராயும் தொலையுணர்வு முறை. இவ்வலையின் முகப்பு திருகுச்சுருள் போல முறுக்கியபடி முன்னேறும். அச்சை ஒருமுறை சுற்றிவரும்போது அலைக்கட்டம் 360 பாகையின் எத்தனை மடங்கு மாறுகிறதோ, அம்முழு எண்ணே ‘முறை எண்’. சில லேசர் கற்றைகளுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் உண்டென்பதை 1992இல் லெஸ் ஆலன் குழுவினர் காட்டினர். வானொலி அலைகளிலும் ஆன்டெனா வரிசையால் இதை உருவாக்கலாம் என்பதை 2007இல் பூ டிடே குழுவினர் கணினிப் பாவனையால் விளக்கினர்.

அச்சில் அமைந்த சமச்சீர்ப் பொருள், முறை எண்ணால் வேறுபடும் அலை வடிவங்களை (முறைகளை) பெரிதும் கலைப்பதில்லை. சமச்சீரற்ற பொருள் அவற்றைப் பல முறைகளாகப் பரப்பிவிடும். இப்பரவலிலிருந்து இலக்கின் வடிவம், திசைக்கோணம் ஆகியவற்றைக் கணிக்கலாம். இலக்கு அச்சைச் சுற்றிச் சுழன்றால் சிதறும் அலையின் அதிர்வெண்ணும் மாறும். கற்றையின் நடுவில் ஆற்றல் இல்லாமையும், தொலைவில் கற்றை அகன்றுவிடுவதும் இத்தொலையுணர்வு முறையின் முதன்மை வரம்புகள்.