சேப்பாக்கம் நவாப் லண்டன்ல வெச்ச ஆளுங்க

எங்க ராயகிரி பக்கம் மானியம், பட்டா, பென்ஷன்னு எதுக்கு அலைஞ்சாலும் பெருசுங்க மொதல்ல கேக்குற கேள்வி, "ஆபீஸ்ல ஆள் இருக்கா?"ங்கிறதுதான். 2010ல நீரா ராடியா டேப் வெளியானப்போ டில்லியிலயும் அதே கதைதான்னு தெரிஞ்சுது. அங்க அதுக்குப் பேரு லாபியிங், அவ்ளோதான் :-)

இந்த லாபி சமாச்சாரத்தை இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் பெரிய அளவுல பண்ணியிருக்கார். அதுக்கான காசுல ஒரு பங்கு எங்க சீமையில இருந்தும் போச்சு. அதான் இந்தப் பதிவு.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. பேருதான் ஆற்காடு, 1768ல இருந்து குடியிருந்தது சென்னை சேப்பாக்கம் அரண்மனையில. அவர் பட்டத்துக்கு வந்ததும், பட்டத்துல நிலைச்சதும் கம்பெனிப் பட்டாளத்தால. பட்டாளம் சும்மா வருமா? செலவை நவாப் தலையில எழுதினாங்க. அந்தப் பாக்கியை அடைக்க அதே கம்பெனி உத்தியோகஸ்தருங்ககிட்ட தனிப்பட்ட முறையில கடன் வாங்கினார். வட்டி நூத்துக்கு இருபதுக்கும் மேல. ஈடா எழுதிக் குடுத்தது சீமைகளோட வரி வசூலை!

அந்த வரி எங்க இருந்து வரும்? சிவகிரி, நெற்கட்டும்செவல், தலைவன்கோட்டை, சொக்கம்பட்டின்னு எங்க ஊரைச் சுத்தி இருந்த பாளையங்களும் அந்தக் கணக்குல உண்டு. குடுக்கலைன்னா பட்டாளம் வரும். 1761ல யூசுப் கான், 1767ல கேம்பெல், ரெண்டு பேரும் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைங்களை அடிச்சுப் பிடிச்சாங்க. அந்தப் பட்டாளச் செலவு? திரும்ப நவாப் கணக்குல. அவர் திரும்பக் கடன் வாங்குவார். சுத்திச் சுத்தி வரும் செக்கு மாடு கணக்கா.

சரி, லண்டனுக்கு வருவோம். 1763 பாரிஸ் ஒப்பந்தத்துல இவர்தான் கர்நாடகத்து நவாப்னு இங்கிலாந்தும் பிரான்சும் ஒத்துக்கிட்டாங்க. நவாபுக்கு அதுல ஒரு யோசனை வந்துச்சு. கம்பெனிக்கு மேல ஒரு ராஜா இருக்காரே, நேரா அவர்கிட்டயே போனா என்ன? ஆனா போறது யாரு?

அந்த நேரம் பாத்து 1767ல ஒரு கப்பல்ல வந்து இறங்கினார் ஜான் மெக்பர்சன்னு ஒரு ஸ்காட்லாந்து இளைஞர். மின்சார வித்தையும் மாய விளக்கும் காட்டுறேன்னு சொல்லித்தான் நவாபைப் பாக்கவே உள்ள போனாராம். வெளிய வரும்போது நவாபோட ரகசிய ஏஜெண்ட்! 1768ல லண்டன் போயி பிரதமர் கிராஃப்டன் பிரபுவைப் பாத்து நவாபோட குறையெல்லாம் சொன்னார். பரிசும் நீட்டினார், பிரதமர் வாங்கலை. ஆனா வேலை நடந்துச்சு. 1770ல ராஜாவோட நேரடித் தூதரா சர் ஜான் லிண்ட்சே சென்னை வந்தார். கம்பெனி கவுன்சிலுக்கு வயிறு எரிஞ்சுது.

அப்புறம் மெக்பர்சன் யாரை எதுத்து மனு குடுத்தாரோ அதே கம்பெனியில உத்தியோகத்துல சேந்தார். குட்டு வெளிப்பட்டு 1776ல கவர்னர் பிகாட் வேலையை விட்டுத் தூக்கினார். அதே வருஷம் ஆகஸ்ட்ல பிகாட்டையே அவரோட கவுன்சில் ஆளுங்க சிறை பிடிச்சாங்க, காவல்லயே 1777ல செத்தும் போனார். அந்தச் சண்டைக்கு மூலகாரணம் தஞ்சாவூர். நவாப் 1773ல பிடிச்ச தஞ்சாவூரை பிகாட் ராஜாவுக்கே திருப்பிக் குடுத்துட்டார். தஞ்சாவூர் வரியை ஈடா வெச்சுக் கடன் குடுத்திருந்த பால் பென்ஃபீல்டு சும்மா இருப்பாரா?

1780ல பாத்தா பென்ஃபீல்டும் ஜான் மெக்பர்சனும் கிரிக்லேடுங்கிற ஒரே தொகுதிக்கு ரெண்டு எம்.பி.க்கள். இன்னொரு மெக்பர்சன், ஜேம்ஸ், கேமல்ஃபோர்டு எம்.பி. அவர்தான் நவாபோட அடுத்த ஏஜெண்ட். நவாபுக்காகப் புத்தகம், பிரசுரமெல்லாம் எழுதினவர். காசு குடுத்து ஆள் வைக்கிறது போயி, ஆளுங்களே சபைக்குள்ள உக்காந்துட்டாங்க. பென்ஃபீல்டு ஒருத்தரே எட்டு எம்.பி.க்களை உருவாக்கினார்னு எட்மண்ட் பர்க் குற்றம் சாட்டினார்.

1781ல கம்பெனி கர்நாடக வரி வசூலைத் தன் கையில எடுத்துக்கிச்சு. 1783ல ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியை அடிச்ச கையோட சிவகிரிக்கு வந்து சண்டை போட்டது அப்போதான். ஆனா லண்டன்ல பிட் மந்திரிசபை என்ன பண்ணுச்சு தெரியுமா? வசூலை நவாபுக்கே திருப்பிக் குடு, தனியார் கடனையெல்லாம் விசாரிக்காமலே ஒத்துக்கோ, வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் கடனுக்கு ஒதுக்கு!

இதை எதுத்துத்தான் 1785 பிப்ரவரி 28ல பர்க் அந்தப் புகழ்பெற்ற பேச்சைப் பேசினார். பேச்சு அருமை, சொன்னதுல நியாயமும் இருந்துச்சு. ஆனா ஒரு சங்கதி. 1777ல இந்தியா வந்து தஞ்சாவூர் ராஜாவுக்கு ஏஜெண்டா ஆனவர் வில்லியம் பர்க். எட்மண்ட் பர்க்கோட உறவுக்காரர், உயிர் சிநேகிதர்! அதாவது நவாபுக்கும் லண்டன்ல ஆள் இருந்துச்சு, ராஜாவுக்கும் இருந்துச்சு, கடன்காரங்களுக்கு டஜன் கணக்குல இருந்துச்சு. வாசுதேவநல்லூர் பக்கம் மடைவாய்ல நின்னு தண்ணி பாச்சுனவனுக்கு மட்டும் யாரும் இல்லை. 12 லட்சம் வராகன்னு அங்க ஒரு வரி எழுதினா இங்க அவன் களத்து நெல்லுல கை வைக்கணும். அந்தப் பேச்சுலயே எனக்குப் பிடிச்ச இடம், பர்க் வரி குடுக்கிற குடியானவனையும் நினைச்சுப் பாக்குறதுதான்.

நவாபுக்காவது லாபம் உண்டான்னா, அதுவும் இல்லை. 1795ல கடனோடதான் செத்தார். 1801ல கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கிச்சு. 1805ல கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டாங்க. மூணு கோடி பவுனுக்கு மேல கேட்டு வந்த பத்திரங்கள்ல, நியாயமான கடன்னு தேறினது பத்துல ஒரு பங்கு கூட இல்லை.

விசாரிக்காம ஒத்துக்கிட்ட 1785 கடனெல்லாம் இந்தக் கணக்குல சேராது. அது ஏற்கெனவே வசூலாயிடுச்சு.

பி.கு: அந்த ஜேம்ஸ் மெக்பர்சன் வேற யாரும் இல்லை, ஓசியன்ங்கிற பழங்காலக் கவிஞரோட பாட்டைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லி, பெரும்பகுதியைத் தானே எழுதி ஐரோப்பாவையே நம்ப வெச்ச அதே ஆசாமிதான். 1796ல செத்தப்போ அவர் காசுலயே வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில கொண்டுபோய்ப் புதைச்சாங்க. கவிஞர்கள் பகுதியிலதான் :-)