ரீபாக்குக்கு முதல்

மலைச்சைக்கிளின் கதையைப் பெரும்பாலும் கலிபோர்னியாவில இருந்துதான் தொடங்குவினம். 1976இல் பெயர்பாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில், தடித்த ரயர் போட்ட பழைய சைக்கிள்களில் சரிவு இறங்கும் போட்டி தொடங்கியது. ஒருக்கா இறங்கினாலே பின்பிறேக்கின் கிறீஸ் எரிந்து புகையாகிவிடும். திரும்ப அடைக்கவேணும். அதனால்தான் அந்தப் பாதைக்கு 'ரீபாக்' என்று பெயர். நல்ல கதைதான், மறுக்கேல்ல.

ஆனா 1955இலேயே இங்கிலாந்தின் லெம்ஸ்ரரில் கூடிய சைக்கிளோட்டிகள் 'ரஃப் ஸ்ரஃப் பெலோஷிப்' என்ற கழகத்தைத் தொடங்கிவிட்டார்கள். சேறு, கல்லுப்பாதை, கணவாய் எல்லாம் சாதாரணச் சைக்கிளில். ஓட ஏலாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடை. 1958இல் உறுப்பினர்கள் சிலர் ஐஸ்லாந்தின் நடுப்பாலைவனத்தையே கடந்தார்கள். போட்டி கிடையாது, வேகம் தேவையில்லாததால் வயதும் தடையில்லை. ஜெயித்தவர் பட்டியல் இல்லாததால்தானோ என்னவோ, வரலாறு இவர்களை அடிக்குறிப்பில் விட்டது. கழகம் இண்டைக்கும் ஓடுது.