புள்ளி வைக்கிற சுகம்

பேனாவால் எழுதும்போது எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எழுத்துக்களை மட்டும் மளமளவென்று எழுதிக்கொண்டு போவேன். புள்ளி வைக்க மாட்டேன். பக்கம் முடிந்ததும் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் புள்ளிகளை வைத்துக்கொண்டே வருவேன். கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளி வைப்பார்கள். நான் கோலத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறவன். அதில் ஒரு சுகம்.

ஒரு சமயம் காப்பியின் ருசியில் ஒரு புள்ளியை மறந்துவிட்டேன். 'தாத்தாவுக்குப் பல் விழுந்தது' என்ற வாக்கியம் 'பல விழுந்தது' என்று அச்சாகிவிட்டது. தாத்தாவை அடித்தவர் யார் என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதினார்.

அந்த வெட்கத்தில்தான் புள்ளியின் பூர்வோத்தரத்தை விசாரிக்கத் தொடங்கினேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. குறிலான எகரத்துக்கும் ஒகரத்துக்கும்கூட அது புள்ளி சொல்கிறது. ஆனால் ஏடு எழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. சோம்பல் என்று சொல்லிவிடலாமா? இடது கையில் பனையோலை, வலது கையில் எழுத்தாணி. எழுத்தாணி மை தீட்டுவதில்லை, ஓலையைக் கீறுகிறது. கூர்முனையை ஓரிடத்தில் அழுத்தினால் ஓலையில் துளை விழுந்துவிடும். ஓலை பிழைக்கட்டும் என்று புள்ளியைக் கைவிட்டார்கள்.

கஷ்டமெல்லாம் படிக்கிறவனுக்கு. 'எரி', 'ஏரி' இரண்டும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும்; நெருப்பா, நீரா என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) நெட்டெழுத்துக்களுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். ஆனால் பழைய ஏடுகள் பழையபடியேதானே இருக்கும்? 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், மெய்க்குப் புள்ளியில்லாத ஏடுகளோடு மல்லாடியதை 'என் சரித்திர'த்தில் சொல்லியிருக்கிறார். எத்தனை ஆயிரம் புள்ளிகளை அவர் மனத்திலேயே வைத்துப் படித்திருப்பார்! என் பக்கத்துக்கு நூறு தேறினால் அதிகம்.

பிறகு யந்திரம் வந்தது. இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் உழைத்த ஆர். முத்தையா, 247 எழுத்துக்களை ஐம்பது விசைகூட இல்லாத டைப்ரைட்டருக்குள் அடக்கினார். கல்லூரி நாட்களில் கடைத்தெரு மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் பழகினேன். அங்கே புள்ளிதான் முதலில். புள்ளியை அடித்தால் வண்டி நகராமல் நிற்கும்; அடுத்து எழுத்தை அடித்தால் அதன் தலையில் புள்ளி பொருத்தமாக உட்கார்ந்திருக்கும். அதாவது கோலக்காரர்கள் கட்சி.

இப்போது கம்ப்யூட்டரில், 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் எழுதுகிறேன். அதில் ஒரே வல்லினத்தை இரண்டு தரம் தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடுகிறது. 'பட்டம்' என்று எழுதினால் நடுவிலுள்ள புள்ளி யந்திரத்தின் உபயம். கடைசி மகரத்தின் புள்ளியை மட்டும் நான் வைக்க வேண்டும்.

நேற்று அதையும் மறந்துவிட்டேன். பக்கத்தில் காப்பி இருந்தது.