கல்லறை வாசகங்களும் குடும்ப வரலாறும்: கல்கத்தாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

தம் முன்னோரைத் தேடத் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் போய் நிற்கும் இடம் கல்லறைத் தோட்டம். பெயர், தேதி, உறவு மூன்றும் அங்கே ஒரே இடத்தில் வெட்டப்பட்டுக் கிடைக்கின்றன. காகிதத்தைப் போல் கல்லைக் கரையான் அரிப்பதில்லை. இந்தியாவில் முதலில் குடியேறிய ஐரோப்பியர், ஆர்மேனியர் ஆகியோரின் வழிவந்தவர்கள், குறிப்பாக ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர், இந்தக் கற்களைக் கொண்டே தம் வம்சாவளியின் முதல் கண்ணியைப் பிடிக்கிறார்கள். ஆய்வு மாணவர்களாகிய நாமும் கல்லறை வாசகத்தை முதன்மைச் சான்று என்று அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறோம். அது முதன்மைச் சான்றுதான். எதற்கு முதன்மைச் சான்று என்பதில்தான் எனக்கு ஐயம்.

இறந்தவர் தம் கல்லறை வாசகத்தைத் தாமே எழுதுவது அரிது. எஞ்சியிருக்கும் ஒருவர், தாம் தேர்ந்த மொழியில், தமக்குப் பழக்கமான நாட்கணக்கில், தாம் சொல்ல விரும்புவதை மட்டும் எழுதிக் கொடுத்து வெட்டச் செய்கிறார். எனவே கல்லில் இருப்பது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு என்பதைவிட, வெட்டுவித்தவரின் கூற்று என்பதே பொருந்தும். மெய்க்கீர்த்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளக் கூடாது என்று படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் சொந்த முன்னோரின் கல்லறைக்கு முன் நிற்கும்போது அந்தப் பாடம் எளிதில் மறந்துபோகிறது.

ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மண்டபம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவராக இருந்தவர். நகரத்தின் நிறுவனர் என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தவர். கல் தென்னாட்டுக் கல். அது சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறை வகையைச் சேர்ந்தது என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தப் பாறை வகைக்கே சார்னோகைட் என்று பெயரிட்டார். வாசகம் லத்தீன். தமதல்லாத மண்ணில் நெடுநாள் அலைந்து திரிந்தவர் தம் நிலையான இல்லத்துக்குத் திரும்பினார் என்ற கருத்தில் அது சார்னாக்கைப் பற்றிச் சொல்லி, 1692 ஜனவரி 10 என்று நாள் குறிக்கிறது. அடுத்து, அதே கல்லில் அவருடைய மூத்த மகள் மேரி குறிப்பிடப்படுகிறாள். அவள் இறந்த ஆண்டு 1696-7 என்று இரட்டை எண்ணில் வெட்டப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டு ஆண்டுக் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். அந்தக் கணக்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்கள். சார்னாக் இறந்தது இன்றைய கணக்கில் 1693 ஜனவரி. மேரி இறந்தது 1697 பிப்ரவரி. ஒரே கல்லில் ஒரு தேதி பழைய கணக்கிலும் மற்றொன்று இரு கணக்கிலும் இருப்பதால், மகளுடைய தேதியைக் கொண்டே தந்தையின் தேதியைத் திருத்திப் படிக்க முடிகிறது. இந்த விவரம் அறியாமல் வம்சாவளி அட்டவணை போடுகிறவருக்கு ஓராண்டு பிசகும். ஓராண்டுதானே என்று தோன்றலாம். பிறப்பு, திருமணம், திருமுழுக்கு ஆகிய மூன்றையும் கோத்துப் பார்க்கும்போது, தாய் இறந்த பிறகு குழந்தை பிறந்ததாகக் காட்டிவிட அந்த ஓராண்டு போதும்.

வயதும் அப்படியே. லத்தீன் வாசகங்களில் பெரும்பாலும் ‘இத்தனையாவது வயதில்’ என்றே வருகிறது. இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார் என்றால் நிறைந்த வயது இருபத்திரண்டு. நம் ஊரில் ‘இருபத்து மூன்று நடக்கிறது’ என்பார்களே, அந்தக் கணக்கு.

சார்னாக் கல்லில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த மண்டபத்தை எழுப்பியவராகக் கருதப்படுபவர் மருமகன் சார்லஸ் ஐர். மேரியைப் பற்றிய வரி அவளை ஜாபின் மூத்த மகள் என்றும், இங்குள்ள ஆங்கிலேயரின் தலைவரான சார்லஸ் ஐரின் அன்பு மனைவி என்றும் அறிமுகப்படுத்துகிறது. மாமனாரின் பதவி சொல்லப்பட்டுவிட்டது. மருமகனின் பதவியும் சொல்லப்பட்டுவிட்டது. மேரியின் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சார்னாக்கின் மனைவி இந்தியப் பெண். உடன்கட்டை ஏறவிருந்த அவரைச் சார்னாக் மீட்டு மணந்தார் என்ற கதை அலெக்சாண்டர் ஹாமில்டன் 1727இல் வெளியிட்ட பயண நூலில் வருகிறது. சார்னாக் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின் அச்சேறிய செவிவழிச் செய்தி என்ற அளவில்தான் அதை மதிக்க முடியும். ஆனால் அவருடைய பெண்மக்கள் மூவர் என்பது பதிவேட்டுச் செய்தி. மேரி, எலிசபெத், கேத்தரின் மூவருக்கும் 1689 ஆகஸ்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் திருமுழுக்கு நடந்தது. வளர்ந்த பின் மூவரும் மூன்று ஆங்கிலேயரை மணந்து ஐர், வொயிட், பௌரிட்ஜ் என்று மூன்று குடும்பப் பெயர்களுக்குள் போனார்கள். சார்னாக் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவருக்கு அந்தக் குடும்பம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி இன்னொரு பெண்ணின் கல். பர்ரா பஜார் பகுதியில், ஆர்மேனியத் தெருவில் உள்ள நாசரேத் தேவாலய வளாகத்தில் ரேசாபீபே என்பவரின் கல்லறைக் கல் கிடக்கிறது. கொடையாளரான சூக்கியாஸ் என்பவரின் மனைவி. ஆர்மேனிய மொழியில் வெட்டப்பட்ட அந்த வாசகத்தில் ஆண்டு 15 என்று மட்டும் இருக்கிறது. யாருடைய 15? நம் கல்வெட்டுகளில் ‘யாண்டு 15’ என்று வந்தால் எந்த அரசனுடையது என்று கேட்போம் அல்லவா, அதே கேள்விதான். ஈரானின் ஜுல்ஃபா நகர ஆர்மேனிய வணிகர்களிடம் அசாரியா என்பவர் வகுத்த ஆண்டுக் கணக்கு ஒன்று புழங்கியது. அதன் முதலாண்டு 1616. அந்தக் கணக்கில் 15ஆம் ஆண்டு 1630 ஆகிறது. சார்னாக் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் 1690க்கு அறுபது ஆண்டு முந்தையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்மேனிய வரலாற்றாசிரியர் மெஸ்ரோவ் சேத் இந்தக் கல்லை வெளிக்கொணர்ந்த பிறகு, நகரத்தின் வயது பற்றிய விவாதத்துக்குள் ஒரு வணிகரின் மனைவி நுழைந்தாள். நகரத்தின் நிறுவனர் என்று சார்னாக்கைச் சொல்லலாகாது என்று 2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது வேறு காரணங்களால். ஆனால் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ரேசாபீபேயின் கல்லும் கூடவே வருகிறது.

அவள் பெயரின் பின்னொட்டைப் பாருங்கள். பாரசீகத்தில் பீபி என்றால் மதிப்புக்குரிய பெண்மணி. தமிழ் முஸ்லிம் பெண்களின் பெயர்களில் வரும் பீவியும் அதுவே. ஆர்மேனிய வணிகக் குடும்பம் அந்த மதிப்புச் சொல்லைத் தன் பெண்ணின் பெயராகவே வைத்துக் கல்லிலும் வெட்டியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே ஊரின் ஆங்கிலேயர் வாயில் பீபி என்பது ஒருவர் தம் வீட்டில் வைத்துக்கொண்ட இந்தியப் பெண்ணைக் குறிக்கும் சொல். பட்டங்கள் காலப்போக்கில் தரம் இறங்குவதற்கு இந்தச் சொல்லை ஹாப்சன் ஜாப்சன் அகராதியும் ஓர் எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறது. நாம் வகுப்பில் இழிபொருட்பேறு என்று கூறி ‘நாற்றம்’ என்ற சொல்லை உதாரணம் காட்டுவோம். ஒரு சொல்லின் இழிபொருட்பேற்றுக்குள் ஒரு தலைமுறைப் பெண்களின் வாழ்க்கையும் அகப்பட்டிருப்பதற்குப் பீபியை விடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. மதிப்புச் சொல்லாக இருந்தபோது அது பெயரோடு ஒட்டிக் கல்லில் ஏறியது. இழிந்த பிறகு பெயருக்குப் பதிலாக நின்றது. கல்லுக்கு வரவில்லை.

ரேசாபீபேயின் கல்லை வைத்து 1630இல் இங்கே ஆர்மேனியக் குடியிருப்பு இருந்தது என்று முடிவுகட்டுவதை எல்லா வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை. கல் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் பழையது. அந்த ஐயத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. கல்லறைக் கற்கள் இடம்பெயர்வது நாம் நினைப்பதைவிட வழக்கமான செயல்.

இதற்குப் பெரிய சான்று சென்னையில் இருக்கிறது. புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கற்களின் கீழே அவற்றுக்குரியவர்கள் இல்லை. பழைய ஆங்கிலேய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைக் கட்டடங்கள் எதிரிக்கு மறைவிடமாயின. மறுபடியும் அப்படி நேரக் கூடாதென்று முற்றுகைக்குப் பின் அவற்றை இடித்து, கற்களை மட்டும் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடிக்காமல் விடப்பட்டவற்றுள் ஒன்று ஹின்மர்ஸ் கல்லறை. அதில் இருப்பவர்கள் ஜோசப் ஹின்மர்ஸும், ஆளுநர் எலிஹு யேலின் சிறு மகன் டேவிடும். இரு வேறு குடும்பப் பெயர்கள் ஒரு கூரையின் கீழ் வந்தது எப்படி? ஹின்மர்ஸின் மனைவி கேத்தரின் அவர் இறந்த பின் யேலை மணந்தாள். டேவிட் அவள் மகன். முதல் கணவனையும் இரண்டாம் கணவனின் பிள்ளையையும் இணைப்பவள் அவள். அவளை அறியாமல் அந்தக் கல்லறையை விளக்க முடியாது.

கல்கத்தாவில் 1767இல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் இன்னும் நுட்பமான சிக்கல்கள் உண்டு. இருபது வயதில் 1800இல் இறந்த ரோஸ் எய்ல்மரின் கல்லறையில் வால்டர் சாவேஜ் லேண்டர் அவளுக்காகப் பாடிய கவிதை இருக்கிறது. அது பின்னாளில் சேர்க்கப்பட்டது. கல்லறைக்கு ஒரு காலம், அதன் மேலுள்ள கவிதைக்கு வேறு காலம். அதே லேண்டரின் பெயரைத் தாங்கிய வால்டர் லேண்டர் டிக்கன்ஸ், நாவலாசிரியர் டிக்கன்ஸின் மகன், 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இறந்தான். அவன் கல்லும் இன்று இதே இடுகாட்டில் நிற்கிறது. ஆனால் அவன் புதைக்கப்பட்டது பவானிப்பூர் இராணுவ இடுகாட்டில். கல்லைக் காக்க வேண்டி ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் 1987இல் எடுத்த முயற்சியால் அது இங்கே வந்தது. நல்ல செயல்தான். இடமாற்றம் பற்றிய குறிப்பைக் காணாமல் வருகிற குடும்ப வரலாற்று ஆர்வலர், இந்த இடுகாட்டின் அடக்கப் பதிவேட்டில் அவன் பெயரைத் தேடி அலைவார், அவ்வளவுதான்.

களப்பணிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு சொற்குறிப்பு. ஆங்கிலக் கல்லறைகளில் மனைவியைக் குறிக்க ‘கான்சார்ட்’, ‘ரெலிக்ட்’ என்று இரு சொற்கள் வரும். இரண்டையும் ‘மனைவி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். முதலாவது, அவள் இறந்தபோது கணவன் உயிரோடிருந்தான் என்பதைக் காட்டும். அவனுடைய மறுமணத்தைப் பிந்தைய ஆண்டுகளில் தேடலாம். இரண்டாவது கைம்பெண்ணைக் குறிக்கும். கணவனின் அடக்கத்தை முந்தைய ஆண்டுகளில் தேட வேண்டும். ஒரே சொல்லில் தேடலின் திசை மாறிவிடுகிறது. கல்லின் அடியில் சிற்றெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும் கல்தச்சு நிறுவனத்தின் பெயரையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இறப்பு நடந்து பல்லாண்டுகளுக்குப் பின் நாட்டப்பட்ட கல்லை அது காட்டிக்கொடுக்கும்.

அச்சில் உள்ள தொகுப்புகளையும் புறக்கணிக்கலாகாது. கல்கத்தாவின் ஹோம்ஸ் நிறுவனம் 1848இல் வெளியிட்ட ‘பெங்கால் ஒபிச்சுவரி’, சென்னை மாகாணத்துக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905இல் அரசு அச்சகம் வெளியிட்ட பட்டியல் ஆகியவற்றில், இன்று கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் பல இருக்கின்றன. கம்பெனியின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சென்னைக்கு 1698 முதலும் வங்காளத்துக்கு 1713 முதலும். ஆனால் இவை அனைத்தும் கல்லின் அதே மௌனத்தையே பெரும்பாலும் தொடர்கின்றன. இன்னாரின் இயற்கை மகன், இன்னாரின் இயற்கை மகள் என்று தந்தை பெயரோடு பதிவு நின்றுவிடும். தாய்க்கு எதுவும் இருக்காது, இருந்தாலும் ஞானப்பெயர் ஒன்று மட்டும். துர்பா கோஷ் 2006இல் வெளியிட்ட காலனிய இந்தியக் குடும்பங்கள் பற்றிய நூலில் இந்தப் பெயரின்மையையே ஆய்வுப் பொருளாக்குகிறார். இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

பெயர் எங்கேனும் தட்டுப்படுமானால் அது பெரும்பாலும் உயில்களில். அங்கே பணம் கைமாற வேண்டும். பெற்றுக்கொள்பவர் யார் என்று எழுதாமல் தீராது. கல்கத்தாவில் 1811இல் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை ரிச்மண்ட் தாக்கரே, கம்பெனி அதிகாரி, 1815இல் இறந்து வடக்குப் பார்க் தெரு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். தெற்கு இடுகாட்டுக்கு எதிரே இருந்த அந்த இடுகாடு கடந்த நூற்றாண்டின் நடுவில் அகற்றப்பட்டு அங்கே கட்டடங்கள் எழுந்துவிட்டன. உயில் இருக்கிறது. மனைவியையும் நான்கு வயது மகனையும் தவிர வேறு இரண்டு பெண்களுக்கும் அதில் ஆண்டுத்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது: திருமணத்துக்கு முன் அவருக்குப் பிறந்த மகள் சாரா ரெட்ஃபீல்ட், அவள் தாய் சார்லட் சோஃபியா ரட். மகளின் குடும்பப் பெயர் தந்தையுடையதும் அன்று, தாயுடையதும் அன்று. சாரா பின்னர் கல்கத்தாவிலேயே மணமாகி பிளெசிண்டன் ஆனாள்.